மாட்டுக்குச் சொல்லும் சொல்

கோயம்புத்தூர்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு ஜெயலக்ஷ்மியின் நமஸ்காரம்.

சௌக்கியமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? நிச்சயதார்த்தத்தன்று நீ படியேறப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு மனசே சரியில்லை. மிதுனாவுக்குச் சளி விட்டதா?

திருப்பூணித்துறையில் எல்லாம் நல்லபடியாக முடிந்ததில் என் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. சாய்க்கு முப்பத்தைந்து ஆகப் போகிறது. எத்தனை ஜாதகம், எத்தனை வீட்டு சொஜ்ஜி பஜ்ஜி என்று உனக்குத் தெரியும். கடைசியில் நீலகண்டன் மாமாவாத்துப் பெண் அபர்ணா அமைந்தாள். அதுவும் உன் ஊருக்குப் பக்கத்திலேயே.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் மணி அடித்தாலே இவர் "ஸ்பீக்கர்ல போடு" என்கிறார். அப்புறம் நாம் எங்கே பேசுவது? ஹாஸ்டல் நாளிலிருந்து நாம் எழுதிக்கொள்கிறவர்கள்தானே.

விஷயம் இதுதான். தாலியில் முதல் முடிச்சைப் பிள்ளை போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும். எனக்குப் பெண் இல்லை. பெரியம்மா பெண்ணான உன் ஸாதனாதான் சாய்க்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. அந்த இரண்டு முடிச்சும் அவள் கையால் விழ வேண்டும் என்று சாய் சொல்கிறான். எனக்கும் அதே ஆசை. அவளிடம் சொல். கல்யாணம் தை மாதக் கடைசியில்.

இவர் உன்னை விசாரித்தார். மிதுனாவுக்கு என் முத்தம்.

ஜெயலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
20 செப்டம்பர் 2024

சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மிக்கு அக்கா மீனாக்ஷியின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டும் விடாமலும் இருக்கிறது. முட்டி வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, வாடகைதான் தருவதில்லை. மற்றபடி எல்லோரும் சுகம். நீ தைராய்டு மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஸாதனாவிடம் சொன்னேன். அவள் சமையலறையிலேயே ஒரு கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை ஜிதின் சிரித்தான். "எங்க கப்பல் தளத்துல நல்ல வடம் கெடைக்கும், எடுத்துட்டு வரட்டா?" என்றான். அவள் கல்யாணத்தின்போது ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நம் பக்கத்திலிருந்து வந்தவள் நீ ஒருத்திதான். அதை அவள் மறக்கவில்லை. இப்போது நீயே கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறாய். அவளுக்கு அது பெரிய விஷயம், ஜெயா.

இன்னொன்று கேட்க வேண்டும். நிச்சயதார்த்தத்திலிருந்து வந்த மறுநாள் மிதுனா என்னிடம், "பாட்டீ, கிராஸ்னா எந்தா?" என்று கேட்டாள். உயிரியல் டீச்சரிடம் கேட்டால் விடுவேனா? மாடியில் உள்ள இரண்டு செம்பருத்தித் தொட்டிகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். சிவப்பு மொட்டை விரிவதற்கு முன்பே பிரித்து அதன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துக் காட்டினேன். மஞ்சள் பூவின் பொடியை அதன் சூல்முடியில் தடவி, காகிதப் பையால் மூடி, நூல் கட்டினேன். "இதிலிருந்து காய் வந்தால், அந்த விதையில் முளைப்பதற்குக் கலப்பினம் என்று பெயர். அதைத்தான் எல்லோரும் கிராஸ் என்கிறார்கள்" என்றேன். எனக்கு வகுப்பறைக்குத் திரும்பிய சந்தோஷம்.

அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னையும் இங்ஙனே பையில கட்டியாக்கும் வெச்சிருந்தேளா?" என்றாள்.

ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றால், "கோயம்புத்தூர் தாத்தா ஒரு மாமாகிட்டச் சொன்னா. நான் கிராஸாம்" என்கிறாள்.

அன்றைக்கு உன் ஆத்துக்காரர் பந்தியில் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டு, "பாயசத்துக்கு நாட்டுப் பசும்பாலா, கிராஸ் மாட்டுப் பாலா?" என்று விசாரித்தது எனக்கும் கேட்டது. அதைக் கேட்டுவிட்டுக் குழந்தை தன்னோடு சேர்த்துக்கொண்டாளோ என்று நினைக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தாய். என்ன நடந்தது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாய்க்கு என் ஆசீர்வாதம்.

மீனாக்ஷி


கோயம்புத்தூர்
18 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நவராத்திரியில் கொலு, சுண்டல், வருகிறவர்கள், போகிறவர்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முட்டிக்கு இங்கே ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

கூறைப்புடவை எடுத்தாகிவிட்டது, அரக்கில் சின்னக் கட்டம். நாத்தனார் புடவை ஸாதனாவுக்கு மயில் கழுத்துப் பச்சையில் பார்த்திருக்கிறேன். மண்டபம் திருப்பூணித்துறையிலேயே. சமையல் பாலக்காட்டு ஆள். ஓலனில் தேங்காய்ப்பால் தாராளமாக விடுவாராம்.

அக்கா, ஜிதினுக்கு அந்த வாரம் லீவு கிடைக்குமா? கப்பல் தளத்தில் வேலை ஜாஸ்தி என்பாயே. கிடைக்காவிட்டால் சிரமப்பட வேண்டாம் என்று சொல். ஸாதனாவும் நீயும் வந்தால் போதும், நான் ஒன்றும் தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

ஜெயலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
26 அக்டோபர் 2024

சௌ. ஜெயாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கொலுவை வீடியோவில் பார்த்தேன். அழகு. இங்கே எல்லோரும் நலம்.

ஜிதினுக்கு லீவு கிடைத்துவிட்டது. நீ கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறான். கரை வேட்டி வாங்கி, அதைத் துவைத்துக் கஞ்சி போடலாமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்தியிலிருந்து அவன் அப்பா அய்யாசாமியும் அம்மா முனியாயியும் வந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தது. முனியாயிக்கு வாய் சும்மா இருக்காது. "டீச்சர், எங்களையும் கூப்புடுவாங்கன்னா எந்த வரிசையில உக்காரணும்னு இப்பமே சொல்லிருங்க. மொத வரிசைன்னா நல்ல சேலை எடுக்கணும், கடேசி வரிசைன்னா இருக்குறது போதும்" என்றாள். அய்யாசாமி, "மொதல்ல கூப்புடட்டும்டீ, அப்பறம் சேலை பாக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஜெயா, சம்பந்தி என்ற முறையில் அவர்களுக்குத் தனியாக ஒரு பத்திரிகை வைப்பதுதான் முறை. அவர் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிடையரானவர் என்பதால் அந்த முறை மாறிவிடாது.

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ புடவைக் கலரையும் ஓலனையும் எழுதியிருக்கிறாய். என் வகுப்பில் கேள்வியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழகாக எழுதும் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு விடை தெரியாமல் இருந்ததில்லை.

மாத்திரையை மறக்காதே.

மீனாக்ஷி


கோயம்புத்தூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கு அபர்ணாவின் சித்தப்பா மிதுனாவைக் காட்டி, "இது யாராத்துக் குழந்தை?" என்று கேட்டார். இவர், "ஆத்துக்காரியோட அக்கா பேத்தி. கிராஸாக்கும். அப்பாக்காரன் மலையாளி" என்றார். சிரித்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. எப்போதும் மாடு, பால் என்று வாட்ஸ்அப்பில் அதையே படிக்கிறவர். குழந்தைக்கு இவ்வளவு தமிழ் புரியும் என்று அவருக்குத் தெரியாது. அவள் மலையாளம்தானே பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. மலையாளி என்றால் என்ன ஜாதி என்று அந்தச் சித்தப்பா கேட்டார். இவர், "நல்ல குடும்பம். நாயரா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர்களும் சமாதானமாகிவிட்டார்கள். இந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம் என்றார்கள்.

இப்போது சொன்னதை மாற்ற முடியாது, அக்கா. சாய்க்கு இதுவும் தட்டிப் போனால் நான் என்ன செய்வேன்? அதனால் உன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். ஜிதின் வரட்டும். தாராளமாக வரட்டும். ஆனால் மண்டபத்தில் மலையாளத்தில் மட்டும் பேசட்டும். அவன் பேசும் தமிழைக் கேட்டால் எந்த ஊர்த் தமிழ், எந்த வீட்டுத் தமிழ் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் மலையாளம் அச்சு அசல் மலையாளிகள் மாதிரி இருக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரு நாள்தானே.

பள்ளுருத்திக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. உனக்குத்தான் எதையும் உதாரணம் காட்டிச் சொல்லத் தெரியும்.

உன் தங்கை,
ஜெயலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
29 நவம்பர் 2024

ஜெயாவுக்கு ஆசீர்வாதம்.

நீ தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது மட்டும் உன்மேல் இரக்கம் வந்தது. மீதியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பூசணம் பூத்த ஊறுகாய்ப் பரணிக்குள் தெரியாமல் கையை விட்டவள் போலிருந்தது. கழுவிய பிறகும் அந்த வாடை போகவில்லை.

உதாரணம் காட்டச் சொன்னாய். காட்டுகிறேன்.

செம்பருத்தியைக் கலப்புச் செய்ததை முன்பே எழுதினேன். நாம் பையில் கட்டும் வேலை எதுவும் தானாக நடப்பதில்லை. மொட்டைப் பிரிப்பது நாம். அதன் மகரந்தத்தைக் கிள்ளி எறிவது நாம். எந்தப் பூவின் பொடியை எதில் தடவுவது என்று முடிவு செய்வது நாம். காயைப் பறித்து, இது நன்றாக வந்திருக்கிறது, அது சரியில்லை என்று பிரிப்பதும் நாம். செடியை யாரும் கேட்பதில்லை. மாட்டுக்கும் அதே கதிதான். ஊசி போடும் டாக்டர் வருவார். ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். அதிகப் பால் வேண்டும் என்றோ, வெயில் தாங்க வேண்டும் என்றோ, ஏதோ ஒரு கணக்கு அவருக்கு இருக்கும். பசு தன்னைக் கிராஸ் என்று சொல்லிக்கொள்வதில்லை. அப்படிச் சொல்வது கயிற்றைப் பிடித்திருப்பவர். அது மாட்டுக்குச் சொந்தக்காரனின் சொல்.

ஸாதனாவையும் ஜிதினையும் யார் கயிறு கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்? இரண்டு பேரும் ஒரே படகில் எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். பேசினார்கள். பிடித்தது. கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைப் பார்த்து உன் ஆத்துக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னபோது, தன் கையில் ஒரு கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பாடத்தில் சுத்த வகை என்றும் ஒன்று உண்டு. அதை எப்படி உண்டாக்குவார்கள் தெரியுமா? ஒரு பூவின் மகரந்தத்தை அதே பூவிலேயே தடவி, அதன் பிள்ளைகளையும் அப்படியே செய்து, தலைமுறை தலைமுறையாக வெளிக்காற்றுப் படாமல் மூடி வைப்பார்கள். அதில் பலது நோஞ்சானாகப் போகும். நம் தாத்தா மாமா பெண்ணைக் கட்டினார். அவர் அப்பா அக்கா பெண்ணைக் கட்டினார். பந்தியில் யாராவது அவர்களைக் காட்டி அதற்கான வார்த்தையைச் சொன்னார்களா? மாட்டுத் தொழுவத்து வார்த்தைகளை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதையெல்லாம்விட எனக்குக் குமட்டுவது வேறு. ஜிதின் மலையாளி என்றால் உங்களுக்குப் பரவாயில்லை. அவன் தமிழன் என்பதுதான் சங்கடம். நாம் கொச்சிக்கு வந்து எத்தனை தலைமுறையோ அவர்களும் வந்து அத்தனை தலைமுறை. நம்மவர்கள் கோவிலுக்கும் கணக்கெழுதவும் வந்தார்கள். அவர்கள் இந்த ஊரைக் கூட்டிப் பெருக்க வந்தார்கள். இரண்டு வீட்டிலும் அடுப்படியில் தமிழ்தான். அந்தத் தமிழை ஒரு மனுஷன் தன் மனைவியின் தம்பி கல்யாணத்தில் வாயைத் திறந்து பேசக்கூடாது என்று ஒரு தமிழ்க் குடும்பம் சொல்கிறது. இதை நான் எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது?

நான் சொல்ல மாட்டேன். ஸாதனாவிடமும் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியில் அந்தக் கயிறு இன்னும் தொங்குகிறது. நீ சொன்னதை நீயே சொல்.

மாத்திரை சாப்பிடு.

மீனாக்ஷி


கோயம்புத்தூர்
20 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. நீ எழுதியதெல்லாம் சரி. ஆனால் சரி தப்புப் பார்த்துக்கொண்டிருந்தால் சாய்க்குக் கல்யாணம் ஆகாது.

நீ சொன்னபடி நானே ஜிதினுக்குப் போன் செய்தேன். அக்கா, அந்தப் பிள்ளை தங்கம். ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "அதுக்கென்ன சித்தி, மலையாளத்துலயே பேசிட்டாப் போச்சு" என்று சிரித்தான். நான் அழுதுவிட்டேன். அவனே ஒப்புக்கொண்ட பிறகு நீ வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. மிதுனா பேசுகிற குழந்தை. யாராவது "உன் தாத்தா பேரென்ன?" என்று கேட்டால் பளிச்சென்று சொல்லிவிடுவாள். அப்பாவாத்துத் தாத்தா பாட்டி பேரைச் சொல்லாமல் இருக்க அவளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லி ஸாதனாவிடம் சொன்னேன். கேட்டால் "அவா இல்லை" என்று சொன்னால் போதும். உன் வாயால் சொன்னால் குழந்தை கேட்பாள்.

நாத்தனார் புடவையைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்கட்டும்.

உன் முட்டியைப் பார்த்துக்கொள்.

ஜெயலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
3 ஜனவரி 2025

ஜெயாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் உடம்பளவில் சுகம்.

ஜிதின் ஒப்புக்கொண்டான் என்று எழுதியிருந்தாய். நான் அவனிடமே கேட்டேன். "ஏன்டா ஒப்புக்கொண்டாய்?" என்றேன். அவன் சொன்னான்: "அம்மா, நான் ஸ்கூல்ல சேர்ந்த நாள்லேர்ந்து இதத்தான செய்யறேன். தமிழ்ல வாயத் தொறந்தா, நீ எந்தக் காலனின்னு கேப்பாங்க. மலையாளத்துல பேசினா கேக்க மாட்டாங்க. ஸாதனா அந்த முடிச்சுப் போடணும்னு ஆசப்படுறா. ஒரு நாள் வாயக் கட்டுறது எனக்குப் புதுசா என்ன?" நீ தங்கம் என்று மெச்சினாயே, அது இதுதான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸாதனா குழந்தையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

"மிதூ, கல்யாணத்துல ஆராவது அப்பாவோட அப்பா பேரு கேட்டா எந்தா பறையணும்?"

"அய்யாசாமி தாத்தா."

"இல்லடா கண்ணா. அவா இல்லைன்னு சொல்லணும்."

"இல்லைன்னா? செத்துப்போயிட்டான்னா?"

குழந்தை விடவில்லை. "ஞாயிறாழ்ச்ச வந்தாங்களே, எனக்குக் கப்பைக் கிழங்கு கொண்டு வந்தாங்களே. முனியாயி பாட்டியும் செத்தாச்சா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜிதின் உள்ளே வந்தான். குரலை உயர்த்தவில்லை. "அது வேணாம், ஸாதனா. நான் பேசாம இருப்பேன். ஆனா எங்கப்பன் உயிரோட இருக்கறப்ப அவ வாயால இல்லன்னு சொல்ல வேணாம்" என்றான். ஸாதனா எழுந்து போய் ஜன்னலில் இருந்த கயிற்றை அவிழ்த்தாள். இறுக்கிப் போட்டிருந்தாள் போலிருக்கிறது, வெகு நேரம் ஆயிற்று.

இவர்கள் மூவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. உன் புடவையும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நேற்றுக் காலை பஸ் பிடித்துத் திருப்பூணித்துறைக்குப் போனேன். பொய்யின் மேல் ஒரு பெண்ணைக் கொண்டுவருவது அந்தப் பெண்ணுக்கும் அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. நீலகண்டனிடம், ஜிதின் நாயர் இல்லை, பள்ளுருத்தி அய்யாசாமியின் மகன், அய்யாசாமி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர் என்று நேராகச் சொன்னேன்.

அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"டீச்சர், அது நேக்கு அப்பவே தெரியும். இந்தக் கொச்சி எவ்வளவு பெரிசு? என் தம்பி கார்ப்பரேஷன் ஆபீஸ்லன்னா இருந்தான். அய்யாசாமியை அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பேசாம இருந்தேள்?"

"அவா மலையாளின்னு சொன்னா. நாங்களும் மலையாளின்னு வெச்சுண்டோம். ஆருக்கு என்ன நஷ்டம்? மண்டபத்துல அவன் மலையாளம் பேசிண்டு போயிருப்பான், எல்லாம் பங்கியா, அழகா முடிஞ்சிருக்கும். இப்போ நீங்க வாயால சொல்லிட்டேள். இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படி இருக்கறது?"

நான் எழுந்தேன். அவர் படிவரை கூடவே வந்தார். "கல்யாணத்துக்கு ஒண்ணும் வராது. நீங்க பயப்பட வேண்டாம். அந்த முடிச்சு மட்டும் வேற ஆராவது போடட்டும், கேட்டேளா" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

நீ இத்தனை மாதம் தூங்காமல் மறைத்தது அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், ஜெயா. இரண்டு வீடும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நடுவில் என் மருமகன் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

என்னையும் எதிர்பார்க்காதே. சாய் நன்றாக இருக்கட்டும்.

மீனாக்ஷி


கோயம்புத்தூர்
12 பிப்ரவரி 2025

அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ சுகமாக இருக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்தது. ஒரு குறையும் இல்லை. பெரியம்மா எங்கே என்று கேட்டவர்களிடம் முட்டி வலி என்று சொன்னேன். அது பொய் இல்லையே.

மாங்கல்யதாரணத்தின்போது வாத்தியார், "நாத்தனார் யாரு, முன்னால வாங்கோ" என்று கூப்பிட்டார். இவர், "நாத்தனார் கிடையாது. ஆகட்டும், நீங்க நடத்துங்கோ" என்றார். அபர்ணாவின் அத்தை வரட்டுமா என்று கேட்டாள். சாய் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மூன்று முடிச்சையும் அவனே போட்டான். மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நீ நீலகண்டன் மாமாவிடம் போனது இவருக்குத் தெரியும். உன் பேரை எடுக்கக்கூடாது என்கிறார். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சாய் அடுத்த வாரம் அபர்ணாவை அழைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வருகிறான். அங்கிருந்து உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவுக்குத் தெரியாது. அவர்களை நல்லபடியாக வரவேற்று அனுப்பு. எப்படி இருந்தார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது.

ஜெயலக்ஷ்மி


மட்டாஞ்சேரி
24 பிப்ரவரி 2025

ஜெயாவுக்கு,

எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாயும் அபர்ணாவும் வந்தார்கள். எந்த நாள் என்று சொல்லாமல் வந்ததால் அய்யாசாமியும் முனியாயியும் இங்கே இருந்தார்கள். யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை. ஜிதின் வாசலுக்குப் போய், "வா சாய். வாம்மா. சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.

அபர்ணா, "அய்யோ வேண்டா சேட்டா, ஞங்ஙள் கழிச்சிட்டா வந்தது" என்று, சாப்பிட்டுவிட்டு வந்ததாக மலையாளத்தில் சொன்னாள்.

"தமிழ்லயே பேசும்மா. நாங்க வீட்ல தமிழ்தான்" என்றான் ஜிதின். அவள் முகம் சிவந்தது. அவனிடம் மலையாளமே பேசு என்று யாரோ அவளிடம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அல்லது அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே அது தெரியும்.

சாய் நேரே ஸாதனாவிடம் போனான். "அக்கா, மூணையும் நானே போட்டேன். கடைசி ரெண்டும் சரியா விழலை" என்றான். ஸாதனா அபர்ணாவின் கழுத்தைப் பார்க்கவில்லை. "போட்டது போட்டதுதான்டா. அவிழாம பாத்துக்கோ" என்றாள். மிதுனா அவனுக்குத் தாத்தாவைக் காட்டி, "இது அய்யாசாமி தாத்தா. உண்டு" என்றாள். சாய்க்குப் புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிந்தது. அய்யாசாமி தலையைக் குனிந்து சிரித்தார். அவருக்கும் இத்தனை நாளில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

முனியாயி சாயா போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். சாய் குடித்தான். இன்னொன்று கேட்டு வாங்கியும் குடித்தான். அபர்ணா கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பேசினாள், சிரித்தாள், மிதுனாவிடம் எந்த வகுப்பு என்று கேட்டாள். ஒரு வாய் குடிக்கவில்லை. சாயாவின் மேல் ஆடை கட்டியது. அவள் கெட்ட பெண் இல்லை, ஜெயா. அதைக் குடிக்க அவள் நிஜமாகவே முயன்றாள். ஒரு தடவை உதடு வரைக்கும் போயிற்று. முடியவில்லை. கீழே வைக்கவும் தைரியம் இல்லை.

நாங்கள் எல்லோரும் அந்தத் தம்ளரைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம். இப்படிப் பார்க்காமல் இருப்பதற்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கடைசியில் முனியாயிதான் எழுந்து அவளிடம் போனாள். "குடிக்க வேணாம் மோளே. எம்புட்டு நேரமாப் பிடிச்சிட்டிருக்க. கை நோவும், கீழ வெச்சிரு" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுவது போலச் சொன்னாள்.

அபர்ணா வைத்துவிட்டாள். அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். நீ கேட்ட ஒரு வரி அதுதான்.

சாய்க்கும் அபர்ணாவுக்கும் என் ஆசீர்வாதத்தைச் சொல். உனக்கு எழுத இன்றைக்குக் கை வரவில்லை. மாத்திரையை மட்டும் விடாதே.

மீனாக்ஷி